கரையும் உரமும் கரையாத உரமும்

உரத்தின் கரையும் தன்மையை அறிந்து இட்டால் செலவு வீணாகாது

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்குப் பக்கமாக அமைந்துள்ள ஊர் அடி அண்ணாமலை. இவ்வட்டாரத்தில் செம்மண்ணும் மணல் கலந்த செம்மண்ணும் மிகுதி. கிணற்றுப் பாசனமும் ஏரிப் பாசனமும் உள்ள இடங்களில் நெல் பயிராகிறது. மற்ற நிலங்களில் மானாவாரி நிலக்கடலை, உளுந்து, சிறுதானியங்கள் ஆகியவை பயிரிடப்படுகின்றன.

இத்தகைய நிலத்தில் உரம் இடும்போது சிறு விவசாயிகளுக்கு இரண்டு வகையில் நஷ்டம் ஏற்படுகிறது. ஒன்று, இட்ட உரம் கரைந்து மழை நீரோடு வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடுகிறது. மற்றொன்று, இட்ட உரம் கரையாமல் இட்ட இடத்திலேயே கிடந்து பயிருக்குப் பயன்படாமல் போகிறது. இரண்டிலும் பணம் போவது ஒன்றுதான். எந்த உரம் தண்ணீரில் எவ்வளவு கரையும் என்பதைத் தெரிந்துகொண்டால், அதை எப்போது இடுவது, எங்கே இடுவது, எதனோடு கலக்கலாகாது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

கரைதல் என்றால் என்ன?

பயிரின் வேருக்குப் பற்கள் கிடையாது. மண்ணில் உள்ள சத்து எதுவானாலும் தண்ணீரில் கரைந்த நிலையில்தான் வேர் அதை உறிஞ்ச முடியும். ஆகவே கரைதல் என்பது பயிரின் உணவுக்கு முதல் படி.

தண்ணீரின் மிக நுண்ணிய துகள் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் சிறிது நேர்மின் தன்மையும், மறுபக்கம் சிறிது எதிர்மின் தன்மையும் உண்டு. உப்பைத் தண்ணீரில் போட்டால், நீர்த் துகள்கள் உப்பின் துகள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துச் சூழ்ந்து கொள்கின்றன. உப்பு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஆனால் அழிந்து போவதில்லை. தண்ணீர் வற்றினால் மறுபடி உப்பாகவே மிஞ்சும். சுண்ணாம்புக் கல்லில் துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியுள்ளன. நீர்த் துகள்களால் அவற்றை எளிதில் பிரிக்க முடிவதில்லை. அதனால்தான் அது கரைவதில்லை.

நன்றாகக் கரையும் பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு சொம்புத் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே போனால், ஒரு நிலைக்கு மேல் போடும் உப்பு அடியில் தங்கிவிடும். அதுவே அந்தத் தண்ணீரின் நிறைவு நிலை. மேற்கொண்டு கரைய வேண்டுமானால் தண்ணீரைக் கூட்ட வேண்டும். அல்லது, யூரியா, பொட்டாஷ் போன்றவற்றைப் பொறுத்தவரை, தண்ணீர் சற்று வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

எது எவ்வளவு கரையும்?

சாதாரண வெப்பநிலையில் 1 லிட்டர் தண்ணீரில் கரையக்கூடிய அளவு ஏறத்தாழ வருமாறு:

யூரியா – 1 கிலோவுக்குச் சற்று மேல்
அம்மோனியம் சல்பேட் – 750 கிராம்
சமையல் உப்பு – 360 கிராம்
மியூரேட் ஆப் பொட்டாஷ் – 340 கிராம்
சல்பேட் ஆப் பொட்டாஷ் – 110 கிராம்
ஜிப்சம் – 2 முதல் 2.5 கிராம்
சுண்ணாம்புக் கல் – 1 கிராமில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு

இந்தப் பட்டியலின் மேல் பகுதியில் உள்ளவை தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும். கீழ்ப் பகுதியில் உள்ளவை இட்ட இடத்தை விட்டு எளிதில் நகரமாட்டா.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மூன்று கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஒன்றில் யூரியா, ஒன்றில் சூப்பர் பாஸ்பேட், ஒன்றில் ஜிப்சம் என ஒவ்வொரு கரண்டி போட்டுக் கலக்க வேண்டும். யூரியா மறைந்துவிடும், டம்ளரும் சில்லென்று ஆகிவிடும். யூரியா கரையும்போது தண்ணீரிலுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்வதே இதற்குக் காரணம். ஜிப்சம் பெரும்பாலும் அடியில் தங்கும். சூப்பர் பாஸ்பேட்டில் ஒரு பகுதி கரைந்து, மிச்சம் வண்டலாக நிற்கும்.

இந்த வண்டலைக் கண்டு உரத்தில் மண் கலந்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. சூப்பர் பாஸ்பேட்டில் இயற்கையாகவே பாதியளவு ஜிப்சம் இருக்கிறது. அதில் சுண்ணாம்புச் சத்தும் கந்தகச் சத்தும் உள்ளன. நிலக்கடலைக்கு இரண்டுமே தேவை. அதேபோல் முழுவதும் கரைந்துவிட்டது என்பதற்காக ஓர் உரம் தரமானது என்றும் சொல்லிவிட முடியாது. பொட்டாஷும் கரையும், சமையல் உப்பும் கரையும். உரத்தின் தரத்தில் ஐயம் இருந்தால் வேளாண்மை அலுவலரிடம் தெரிவித்து, உர ஆய்வுக் கூடத்தில் மாதிரியைச் சோதிக்கச் செய்வதே சரியான வழி.

யூரியா: பிரித்து இடுங்கள்

1 ஏக்கர் நிலத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 40,000 லிட்டர். ஒரு மூட்டை யூரியா, அதாவது 45 கிலோ, கரைவதற்கு 45 லிட்டர் தண்ணீரே போதும். அப்படியானால் ஒரு சிறு தூறலே மூட்டை முழுவதையும் கரைத்துவிடும். அடுத்து வரும் கனமழை அதை இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். மணற்பாங்கான செம்மண்ணில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

மண்ணில் விழுந்த யூரியா இரண்டு மூன்று நாட்கள் முதல் ஒரு வாரத்துக்குள் அம்மோனியமாக மாறுகிறது. அம்மோனியத்தைக் களிமண் துகள்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். பின்னர் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டை மண் பிடித்து வைப்பதில்லை. ஆகவே யூரியா கரைந்தவுடன் ஒருமுறையும், நைட்ரேட்டாக மாறிய பின் ஒருமுறையும் ஆக இரண்டு கட்டங்களில் தழைச்சத்து கைநழுவிப் போகக்கூடும்.

இவ்வாறு கீழிறங்கும் நைட்ரேட் சேருமிடம் கிணறு. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அந்த அளவு மீறிய நீரைக் கரைத்துப் பால் மாவு கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் திறன் குறைந்து, உடல் நீலம் பாயும். வயலில் வீணாகும் உரம் வீட்டுக் குடத்துக்கே வந்து சேருகிறது என்பதை மறக்கலாகாது.

2015 ஆம் ஆண்டு முதல் நாட்டில் விற்கப்படும் யூரியா வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. இந்தப் பூச்சு யூரியா கரைவதைத் தடுக்காது. அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத்தான் தாமதப்படுத்தும். எனவே வேப்பெண்ணெய் பூசிய யூரியாதானே என்று எல்லாவற்றையும் ஒரே தடவையில் இடுவது தவறு. பயிரின் தேவைக்கேற்ப இரண்டு, மூன்று தடவைகளாகப் பிரித்தே இட வேண்டும். கனமழை வரும் அறிகுறி தெரிந்தால் ஓரிரு நாள் தள்ளிப் போட வேண்டும்.

நெல்லுக்கு யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றை 5:4:1 என்ற விகிதத்தில் கலந்து இடுவது பலன் தரும் முறை. ஒரு மூட்டை யூரியாவுக்கு 36 கிலோ ஜிப்சமும் 9 கிலோ வேப்பம் புண்ணாக்கும் சேர்த்துக் கலந்து, ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் இடலாம். வயலில் தண்ணீரை வடித்துவிட்டு, சேற்றில் ஈரம் இருக்கும்போது இட்டு, மறுநாள் நீர் கட்ட வேண்டும். அடுத்த சில நாட்களுக்கு வயல் நீர் வழிந்தோடாமல் வரப்பைக் கவனித்துக்கொள்வது அவசியம்.

மணிச்சத்து: வேருக்கு அருகில் இடுங்கள்

எலும்பிலும் பாறையிலும் மணிச்சத்து நிறைய உண்டு. ஆனால் அது தண்ணீரில் கரையாது. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற ஊரில் சொந்தப் பண்ணை வைத்திருந்த ஜான் பென்னட் லாஸ் என்பவர், கரையாத பாஸ்பேட்டைக் கந்தக அமிலத்தில் இட்டுக் கரையும் பாஸ்பேட்டாக மாற்றி, 1842 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதுவே சூப்பர் பாஸ்பேட். இந்தியாவில் இதைத் தயாரிக்கும் முதல் தொழிற்சாலை 1906 இல் தமிழகத்தில், அடி அண்ணாமலைக்கு வடக்கே உள்ள இராணிப்பேட்டையில்தான் தொடங்கப்பட்டது. இன்று ஆலைகளில் தயாராகும் பல உரங்களுக்கு முன்னோடியாக அமைந்தது, கரையாததைக் கரையச் செய்த இந்த ஒரு முறையே.

ஆனால் மணிச்சத்துக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீரில் கரைந்தாலும் மண்ணில் அது வெகுதூரம் போகாது. செம்மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும், சுண்ணாம்பு மண்ணில் உள்ள கால்சியமும் அதைப் பிடித்து மறுபடி கரையாத பொருளாக மாற்றிவிடும். இட்ட இடத்திலிருந்து சில செ.மீ. தூரம் நகர்ந்தாலே அதிகம். ஆகவே இதை மேலாகத் தூவினால் மேலேயே தங்கிவிடும். கடைசி உழவின்போது அடியுரமாக இட்டு மண்ணில் கலக்க வேண்டும். அல்லது விதைச் சாலுக்குப் பக்கத்தில், விதையில் படாமல் இட வேண்டும். தொழு உரத்துடன் கலந்து இட்டால் மண் பிடித்துக்கொள்வது குறையும்.

பாறை பாஸ்பேட் விலை மலிவு என்று சிலர் வாங்குகிறார்கள். அது தண்ணீரில் கரையாது. புளிப்புத் தன்மையுள்ள மலை மண்ணில் மெல்ல மெல்லக் கரைந்து பயன் தரும். புளிப்பில்லாத சமவெளி மண்ணில் நூறு நாள் பயிருக்கு அது உதவுவது அரிது.

நிலக்கடலைக்கு ஜிப்சம் ஏன்?

சுண்ணாம்புச் சத்து நிலக்கடலைக்குப் போகும் வழி வேறுபட்டது. வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்து தண்டு வழியாக இலைக்கு ஏறும். இலையிலிருந்து கீழிறங்கிக் காய்க்கு வராது. மண்ணுக்குள் இறங்கும் விழுதும் இளங்காயும் தம்மைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரடியாகவே அதை உறிஞ்சியாக வேண்டும். காய் இருக்கும் அந்த 5 செ.மீ. மண்ணில் கரைந்த சுண்ணாம்புச் சத்து இல்லையென்றால் ஓடு மட்டும் வளரும்; பருப்பு நிரம்பாமல் பொக்குக் காய்களாகிவிடும். செடி செழிப்பாக இருந்தும் மூட்டை எடை குறைவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இங்கேதான் ஜிப்சத்தின் கரையும் தன்மை கைகொடுக்கிறது. ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் சிபாரிசு செய்யப்படுகிறது. லிட்டருக்கு 2 கிராம் கரையும் என்று கணக்கிட்டால், 160 கிலோ கரைய 80,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். அது 2 செ.மீ. மழைக்குச் சமம். நடைமுறையில் மழை நீர் முழுவதும் ஜிப்சத்தைத் தொட்டுச் செல்வதில்லை. எனவே சில மழைகளுக்கு அது தாங்கும். யூரியாவைப் போல ஒரே மழையில் ஓடிவிடாமலும், கல்லைப் போலக் கிடக்காமலும், காய் வளரும் காலம் முழுதும் சிறிது சிறிதாகக் கரைந்து கொடுக்கும்.

ஜிப்சத்துக்குப் பதில் சுண்ணாம்புக் கல் தூள் போட்டால் என்ன என்று கேட்கலாம். அதே 160 கிலோ வெறும் தண்ணீரில் கரைய ஏறத்தாழ 400 செ.மீ. மழை வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆண்டு மழை ஏறத்தாழ 100 செ.மீ. தான். மண்ணில் உள்ள கரியமில வாயு ஓரளவு கரைக்க உதவும் என்றாலும், புளிப்பில்லாத மண்ணில் அந்தப் பருவக் காய்க்கு அது எட்டாது. புளிப்பு மண்ணைத் திருத்தவே சுண்ணாம்புத் தூள் ஏற்றது.

இறவைப் பயிருக்கு விதைத்த 40 முதல் 45 ஆம் நாளில் ஜிப்சத்தைச் செடியின் ஓரமாக இட்டு, கொத்தி, மண் அணைக்க வேண்டும். மானாவாரியில் மண்ணின் ஈரத்தைப் பார்த்து 40 முதல் 75 நாட்களுக்குள் இடலாம். இயன்றவரை முன்னதாக இடுவது நல்லது. காய்ந்த மண்ணில் இட்டுப் பயனில்லை. விழுது இறங்கிய பிறகு செடியைச் சுற்றி மண்ணைக் கிளறக் கூடாது.

கலக்கக் கூடாதவை

தனித்தனியே நன்றாகக் கரையும் இரண்டு உரங்கள், ஒன்று சேர்ந்தால் கரையாத பொருளாக மாறிவிடுவது உண்டு. இதை அறியாமல் கலப்பதால் ஏற்படும் நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

துத்தநாக சல்பேட் நன்கு கரையும். அதை டி.ஏ.பி. அல்லது சூப்பர் பாஸ்பேட்டுடன் கலந்தால் கரையாத துத்தநாக பாஸ்பேட் உண்டாகும். இரண்டு சத்தும் பயிருக்குக் குறையும். நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து, நடவுக்குச் சற்று முன் தனியாகத் தூவ வேண்டும்.

யூரியாவையும் சூப்பர் பாஸ்பேட்டையும் கலந்து வைத்திருந்தால் நீர் கசிந்து பிசுபிசுத்துப் போகும். கலந்தால் உடனே இட்டுவிட வேண்டும். அம்மோனியம் சல்பேட், டி.ஏ.பி., யூரியா ஆகியவற்றுடன் சாம்பலையோ சுண்ணாம்பையோ சேர்க்கக் கூடாது. தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும்.

கரையாமல் போவதே நன்மையாவதும் உண்டு. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தயாரிக்கும் போர்டோ கலவை இதற்கு உதாரணம். பிரான்ஸ் நாட்டில் போர்டோ நகரப் பேராசிரியர் மில்லார்டே, திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு இதை 1885 இல் வெளியிட்டார். மயில்துத்தக் கரைசலை மட்டும் தெளித்தால் இலை கருகும். மழையிலும் கழுவிப் போகும். சுண்ணாம்பு சேர்ந்ததும் தாமிரம் கரையாத மெல்லிய படலமாக இலைமேல் ஒட்டி நின்று பூசணத்தைத் தடுக்கிறது. 1 சதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் தேவை. மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் தயாரிக்க வேண்டும். துலக்கிய அரிவாள் நுனியைக் கலவையில் சிறிது நேரம் வைத்து எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

தெளிப்பும் சொட்டு நீரும்

உளுந்துக்கு 2 சத டி.ஏ.பி. கரைசலைப் பூக்கும் தருணத்தில் ஒருமுறையும், 15 நாள் கழித்து மறுமுறையும் தெளிக்கலாம். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி. யை 20 லிட்டர் தண்ணீரில் முதல் நாள் இரவே ஊற வைக்க வேண்டும். காலையில் கலக்காமல் தெளிந்த நீரை மட்டும் இறுத்து, 200 லிட்டராக்கி, மாலை வேளையில் தெளிக்க வேண்டும். அடியில் தங்கும் வண்டல் விசைத்தெளிப்பானின் மூக்கை அடைக்கும். அதைக் குப்பைக் குழியில் சேர்த்துவிடலாம்.

லிட்டருக்கு 1 கிலோ யூரியா கரையும் என்பதால் இலை அதைத் தாங்கும் என்று பொருளல்ல. இலைவழி தெளிக்க லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் வரையே ஏற்றது. அதற்கு மேல் போனால் இலை விளிம்பு கருகும்.

நனையும் தூள் என்று குறிப்பிட்டுள்ள பூசண மருந்துகள் தண்ணீரில் கரைவதில்லை, மிதந்துகொண்டுதான் இருக்கும். சிறிது நேரம் நின்றால் அடியில் படிந்துவிடும். ஆகவே முதலில் சிறிது தண்ணீரில் குழைத்து, பிறகு முழு நீரில் ஊற்றி, தெளிக்கும்போதும் இடையிடையே கலக்கிவிட வேண்டும். இல்லையேல் முதல் பாத்திக்கு மருந்து கூடுதலாகவும் கடைசிப் பாத்திக்கு வெறும் தண்ணீருமாகப் போய்ச் சேரும்.

சொட்டு நீர்ப் பாசனத்தில் உரம் விடுவோர் 1 கிலோ சல்பேட் ஆப் பொட்டாஷுக்குக் குறைந்தது 10 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். சிவப்புப் பொட்டாஷில் உள்ள இரும்புக் கசடு சொட்டுவானை அடைக்கும்; வெள்ளைப் பொட்டாஷே ஏற்றது. கால்சியம் நைட்ரேட்டை சல்பேட் உரங்களுடனோ பாஸ்பேட் உரங்களுடனோ ஒரே தொட்டியில் கலக்கக் கூடாது. குழாய்க்குள்ளேயே ஜிப்சமும் கால்சியம் பாஸ்பேட்டும் உருவாகி அடைத்துவிடும்.

கிணற்று நீரைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் வெள்ளைக் கறை படிந்தால் அந்த நீரில் சுண்ணாம்பு உப்புக்கள் மிகுதி என்று அறியலாம். அத்தகைய நீரில் பாஸ்பேட் உரங்கள் கலங்கிப் படியக்கூடும். இதற்கு எளிய சோதனை உண்டு. விடப்போகும் உரங்களை அதே கிணற்று நீரில், அதே விகிதத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியில் கலந்து ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் விடலாம். பால் போலக் கலங்கினாலோ அடியில் படிந்தாலோ அந்தக் கலவையை விடக் கூடாது.

குப்பையும் சாம்பலும்

விலை கொடுத்து வாங்கிய உரத்தைப் பாதுகாப்பவர்களும் வீட்டுக் குப்பையைக் கவனிப்பதில்லை. மழையில் குப்பை மேட்டிலிருந்து ஓடும் கறுப்புத் தண்ணீரில் கரையும் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் போய்விடுகின்றன. மாட்டின் சிறுநீரில் உள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி யூரியாவே. அதுவும் உடனே கரைந்து ஓடக்கூடியது. தொழுவத்தில் பதரும் சருகும் பரப்பிச் சிறுநீரை உறிஞ்சச் செய்து குழியில் சேர்க்கலாம். குழிக்கு மேல் கீற்றுப் பந்தல் போட்டு, சுற்றிலும் சிறு வரப்பு எடுத்தால் மழை நீர் உள்ளே புகாது.

அடுப்புச் சாம்பலில் உள்ள பொட்டாஷ் தண்ணீரில் எளிதில் கரையும். வெளியில் கொட்டி மழையில் நனைந்த சாம்பலில் சத்து பெரும்பாலும் போயிருக்கும். சாம்பலை நனையாமல் சேர்த்து வைத்து நேரே வயலுக்கு இட வேண்டும்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. நன்கு கரையும் தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்து இட வேண்டும்.
2. நகராத மணிச்சத்தை அடியுரமாக வேருக்கு அருகில் இட வேண்டும்.
3. மெல்லக் கரையும் ஜிப்சத்தை ஈரம் பார்த்து, காய் பிடிக்கும் மண்ணில் இட வேண்டும்.
4. மணற்பாங்கான நிலத்தில் பொட்டாஷையும் இரண்டு தடவையாக இடுவது நல்லது.
5. துத்தநாக சல்பேட்டைப் பாஸ்பேட் உரங்களுடன் கலக்கக் கூடாது.
6. புதிய கலவை எதையும் கண்ணாடிப் புட்டியில் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

எவ்வளவு உரம் இடுவது என்பதை அவரவர் நிலத்தின் மண் பரிசோதனை முடிவைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். அறுவடை முடிந்து நிலம் காலியாக இருக்கும் காலமே மண் மாதிரி எடுக்க உகந்தது. கிணற்று நீரையும் ஒரு புட்டியில் எடுத்துச் சேர்த்தே பரிசோதனைக்குக் கொடுத்துவிடலாம். மேலும் விவரங்களுக்கு அடி அண்ணாமலைப் பகுதி விவசாயிகள் தங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, அத்தியந்தலில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையத்தையோ அணுகலாம்.